ரோமாபுரி முகப்பு, உருளைத் தகடு: 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வெள்ளிப் பேழைகள்

1780களில் லண்டனில் செய்யப்பட்ட வெள்ளித் தேயிலைப் பேழைகளுக்கு ஒரு பொது முகம் உண்டு. நீள்வட்ட அடித்தளம், நேராக எழும் சுவர், சற்றே குவிந்த மூடி, மூடியின் உச்சியில் ஒரு குமிழ், முன்புறம் சாவித் துளை. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஒட்டி மெல்லிய கொடி ஓடும். நடுவில் ரிப்பன் முடிச்சிலிருந்து மாலைகள் தொங்கும். மாலைகளுக்கு இடையே குடும்பச் சின்னம் பொறித்த பதக்கம். மொத்த உயரம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஏல நிறுவனங்களின் பட்டியல்கள் இதை 'நவசெவ்வியல் பாணி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும். கூடுதலாக விளக்கம் கேட்டால் பாம்பெய், ஹெர்குலேனியம், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் என்று மூன்று பெயர்கள் வரும்.

அந்த மூன்று பெயர்களும் சரியானவை. ஆனால் அவை பேழையின் முன்புறத்தை மட்டுமே விளக்குகின்றன. பேழையைத் திருப்பிப் பின்சுவரின் மேல் மெல்ல மூச்சை ஊதிப் பார்த்தால், ஆவி படிந்த வெள்ளியில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஒன்று ஒரு நொடி தெரிந்து மறையும். தகட்டின் இரு முனைகளும் பற்றாசு வைத்து இணைக்கப்பட்ட இடம் அது. பற்றாசில் வெள்ளியின் அளவு குறைவு என்பதால் அதன்மேல் ஆவி வேறு மாதிரி படிகிறது. பழைய வெள்ளியைக் கையாளுபவர்கள் எல்லோரும் செய்யும் எளிய சோதனைதான் இது. அந்தக் கோடு சொல்லும் செய்தி: இந்தப் பேழை சுத்தியலால் அடித்து எழுப்பப்பட்டதன்று; உருளைகளுக்கிடையே நசுக்கி எடுத்த தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டிச் செய்தது. ரோமாபுரியின் அழகு இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசைவரை வந்து சேர்ந்ததற்கு ரசனை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்தத் தகடு. என் கணக்கில், தகட்டின் பங்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

முதலில் ரசனையின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். ஹெர்குலேனியத்தில் 1738இலும் பாம்பெயில் 1748இலும் அகழாய்வு தொடங்கியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஆடம் 1754இல் இத்தாலி புறப்பட்டுப் போய், ரோமில் தங்கி வரைந்து பழகி, 1758 தொடக்கத்தில் லண்டன் திரும்பினார். இடையில் அட்ரியாட்டிக் கரையில் இருந்த டயோக்ளீஷியன் மன்னனின் அரண்மனை இடிபாடுகளை அளந்து வந்தார். அந்த அளவைகள் 1764இல் பெரிய நூலாக வெளிவந்தன. அதற்கு இரண்டாண்டு முன்பே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நிக்கலஸ் ரெவெட்டும் ஏதென்ஸ் கட்டடங்களின் அளவைகளை அச்சிட்டிருந்தார்கள். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் தாம் திரட்டிய பழங்காலக் கலயங்களை 1772இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஜொசையா வெட்ஜ்வுட் 1769இல் திறந்த தமது பீங்கான் தொழிற்சாலைக்குப் பண்டைய இத்தாலியப் பகுதியான எட்ரூரியாவின் பெயரையே வைத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் மேல்தட்டுக்குச் சங்கு, சுருள், ஒழுங்கற்ற வளைவு என்றிருந்த ரொக்கோக்கோ அலுத்துவிட்டது. சமச்சீர், நேர்க்கோடு, வட்டம், நீள்வட்டம் ஆகியவை வந்தன. அகாந்தஸ் இலை, மாலைத் தோரணம், ஆட்டுத்தலை, மணிவரிசை, பூவட்டம் எல்லாம் அலங்காரமாக வந்தன.

ஆடமின் பங்கு கட்டடத்தோடு நிற்கவில்லை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் வாட்கின் வில்லியம்ஸ்-வின் என்ற வேல்ஸ் நாட்டுச் செல்வந்தருக்கு 1770களின் முற்பகுதியில் அவர் கட்டிய வீட்டில், கூரையின் சுதை வேலையும் சாப்பாட்டு வெள்ளியும் ஒரே கையால் வரையப்பட்டவை. அத்தகைய வெள்ளி கனமானது, வார்ப்பு வேலை நிறைந்தது, விலை உயர்ந்தது. அதை வாங்கக்கூடியவர்கள் சில நூறு குடும்பங்கள். பேழைகளின் கதையோ வேறு தட்டில் நடந்தது. வழக்கறிஞர், மருத்துவர், கப்பல் வணிகர், துணிக்கடைக்காரர் ஆகியோர் வாங்கியவை அவை. வெள்ளியில் ஒரு பெரிய கிண்ணம் வாங்க முடியாதவரும் ஒரு சிறிய பேழை வாங்க முடிந்தது.

இங்கேதான் தகடு வருகிறது. வெள்ளிக் கட்டியைச் சுத்தியலால் அடித்துத் தகடாக்குவதும், அந்தத் தகட்டைத் திரும்பத் திரும்பச் சுடவைத்து அடித்துக் குழிவான பாத்திரமாக எழுப்புவதும் நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. ரொக்கோக்கோ பேழைக்கு அது தவிர்க்க முடியாதது. வயிறு புடைத்து இடை ஒடுங்கிய வடிவத்தைத் தட்டையான தகட்டிலிருந்து மடித்து எடுக்க முடியாது. நவசெவ்வியல் பேழையின் சுவரோ செங்குத்தானது. ஒரே அகலமுள்ள தகட்டுப் பட்டை ஒன்றை நீள்வட்ட மரக்கட்டையைச் சுற்றி வளைத்தால் சுவர் தயார். அடியில் ஒரு தட்டை ஒட்டலாம். மூடியை அச்சில் அழுத்தி எடுக்கலாம். விளிம்பில் வரும் மணிவரிசையைத் தனிக் கம்பியாக அச்சிட்டு, முழக்கணக்கில் வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு வெட்டி ஒட்டலாம். உருளை ஆலைகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகி, சீரான கனமுள்ள தகடு விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், செவ்வியல் வடிவம் பட்டறைக்காரருக்கு மலிவான வடிவமாகவும் ஆயிற்று. ரோமானியக் கல்தூணை நினைவூட்டும் நேர்மை என்று கலை வரலாற்றாளர்கள் புகழும் அந்தச் செங்குத்துச் சுவர், செய்பவனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

செதுக்கு வேலையும் இதையே சொல்கிறது. தடித்த வெள்ளியில் மேடும் பள்ளமுமாகப் புடைப்பு வேலை செய்யலாம். மெல்லிய தகட்டில் அது கிழியும். எனவே 1770களிலிருந்து பிரைட்-கட் என்ற முறை ஓங்கியது. சாதாரணச் செதுக்கில் உளி ஒரு கோட்டைக் கீறிச் செல்லும். பிரைட்-கட்டில் உளியின் முனை நன்றாக மெருகேற்றப்பட்டிருக்கும். கோணம் வைத்து வெள்ளியின் சிறு சிறு சீவல்களை எடுத்துவிடும். ஒவ்வொரு வெட்டும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் விழும். சரிந்த பக்கம் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேழையை இப்படியும் அப்படியும் அசைத்தால் மாலையின் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக மின்னும். வைரத்துக்குப் பட்டை தீட்டுவதைப் போன்றது இது; ஆழம் வேண்டியதில்லை, கோணம்தான் வேண்டும். 1780களில் ராபர்ட் ஹென்னெல் பட்டறையிலிருந்து வந்த தேயிலைப் பேழைகளில் இந்த வேலை உச்சத்தைத் தொட்டது என்பது என் எண்ணம். அதே காலத்துப் புகழ்பெற்ற வார்ப்புப் பாத்திரங்கள் பலவற்றைவிட அவற்றில் உயிர் அதிகம்.

இதில் ஒரு சோகமும் உண்டு. பிரைட்-கட் மெருகுத் துணிக்குத் தாங்காது. இருநூறு ஆண்டுகளாக வீட்டுப் பணியாளர்கள் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெட்டின் கூரிய விளிம்பு மழுங்கிவிடும். இன்று சந்தைக்கு வரும் பேழைகளில் பெரும்பாலானவற்றின் மாலைகள் வாடிப்போனவை. விரல் நுனியை ஓட்டிப் பார்த்து வெட்டின் முனை இன்னும் நறுக்கென்று தட்டுப்பட்டால் அந்தப் பேழையை யாரும் அதிகம் புழங்கவில்லை என்று பொருள். அல்லது பின்னாளில் யாரோ மறுபடி செதுக்கியிருக்கிறார்கள்.

பூட்டு எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். அன்றைய பிரிட்டனில் தேயிலை முழுவதும் சீனாவிலிருந்து வந்தது. இந்தியத் தேயிலைக்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கான்டன் துறைமுகத்தில் அதை வாங்கக் கப்பல் கப்பலாக வெள்ளி நாணயம் அனுப்பியது. சீனர்கள் பிரிட்டிஷ் கம்பளியை அவ்வளவாக விரும்பவில்லை, வெள்ளியைத்தான் கேட்டார்கள். தேயிலை வாங்க ஒரு பகுதி வெள்ளி கிழக்கே போக, அந்தத் தேயிலையைப் பூட்டி வைக்க இன்னொரு பகுதி வெள்ளி லண்டன் பட்டறைக்குப் போயிற்று. 1760களில் சிலர் பேழையைக் கனசதுரமாகச் செய்து, சரக்குப் பெட்டியின் பலகைக் கோடுகளையும் சீன எழுத்துகளையும் வெள்ளியில் அப்படியே பொறித்தார்கள். செவ்வியல் அலைக்கு நடுவே வந்த இந்த வேடிக்கை எனக்கு மிகவும் பிடித்தது; ஒரு பண்டத்தின் பெட்டி, அந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒரே தருணம் அது. பிறகு வந்த பேழைகள் ரோமாபுரி மாலையைப் போர்த்திக்கொண்டு சீனாவை மறந்துவிட்டன.

தேயிலை மீதான வரி அதன் விலையை ஏற்றிவிட்டிருந்தது. 1780களின் தொடக்கத்தில் எல்லா வரிகளையும் சேர்த்தால் விலையில் 100 விழுக்காட்டைத் தாண்டியது. கள்ளக்கடத்தல் பெருகியது. வீட்டில் தேயிலை வைத்திருப்பவர் அதைச் சமையலறையில் விடாமல், கூடத்தில், எசமானியின் சாவிக்கொத்துக்குக் கீழ் வைத்தார். பச்சைத் தேயிலைக்கு ஒன்று, கறுப்புத் தேயிலைக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று மூன்று வெள்ளிப் பேழைகளை மீன்தோல் போர்த்திய மரப்பெட்டியில் அடுக்கிப் பூட்டுவது நூற்றாண்டின் நடுவில் வழக்கமாக இருந்தது. நவசெவ்வியல் காலத்தில் மரப்பெட்டி போய், பூட்டு வெள்ளிப் பேழையின் மேலேயே வந்தது. சாவித் துளையைச் சுற்றிச் செதுக்கிய பதக்கம் அலங்காரம்போல் தெரியும். அதன் அடியில் இருப்பது பணியாளர்மீது நம்பிக்கையின்மை.

1784இல் இளம் பிரதமர் வில்லியம் பிட் தேயிலை வரியை ஒரேயடியாக 12.5 விழுக்காட்டுக்கு இறக்கினார். தேயிலை வணிகர் ரிச்சர்டு ட்வைனிங்கின் ஆலோசனை இதன் பின்னணியில் இருந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட வீட்டுச் சன்னல்கள் மீதான வரி ஏறியது. கம்பெனியின் சட்டபூர்வமான தேயிலை விற்பனை ஓராண்டுக்குள் இரு மடங்குக்கும் மேலானது. கடத்தல்காரன் தொழில் படுத்தது. தேயிலைப் பேழைக்கு இதைவிட நல்ல காலம் இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் அதே ஆண்டு, அதே அரசு, வெள்ளிப் பொருள் மீது வரி போட்டது. டிசம்பர் 1ஆம் தேதி முதல் ஒவ்வொரு ட்ராய் அவுன்சுக்கும் 6 பென்ஸ். வரி கட்டியதற்கு அடையாளமாக மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் தலை முத்திரையாகக் குத்தப்பட்டது. 13 அவுன்ஸ் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ 400 கிராம் வரும் ஒரு பேழைக்கு வரி ஆறரை ஷில்லிங். 1797இல் அவுன்சுக்கு 1 ஷில்லிங் ஆனது; 1815க்குள் ஒன்றரை ஷில்லிங். உள்ளே வைக்கும் பொருள் மலிவாக, வைக்கும் பெட்டி விலை ஏறியது. வரி எடைக்கு என்பதால் பட்டறைக்காரருக்கு ஒரே வழி: தகட்டை இன்னும் மெல்லியதாக்குவது. செவ்வியல் பேழையின் மென்மை, இலேசான தன்மை என்று இன்று பாராட்டப்படுவதில் கணிசமான பகுதி பிட்டின் நிதிக் கொள்கை.

அந்த மன்னன் தலை முத்திரை ஆய்வாளர்களுக்கு ஒரு வரம். முதல் ஒன்றரை ஆண்டு, அதாவது 1784 டிசம்பரிலிருந்து 1786 மே வரை, அது பள்ளமாகக் குத்தப்பட்டது. அதன் பிறகு மற்ற முத்திரைகளைப் போல மேடாக வந்தது. ஆகவே பள்ளமான தலை உள்ள பேழையின் வயதை மற்ற முத்திரைகள் தேய்ந்திருந்தாலும் சொல்லிவிடலாம். இன்னொரு முத்திரையின் ஆயுள் அதைவிடக் குறைவு: ஏற்றுமதியாகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தந்ததற்கு அடையாளமாக, நின்ற கோலத்தில் பிரிட்டானியா உருவம். வேலை முழுதும் முடிந்து மெருகேறிய பொருளின்மேல் அதைக் குத்த வேண்டியிருந்ததால் பொருள் நசுங்கியது. வணிகர்கள் கூச்சல் போட, எட்டு மாதத்துக்குள் 1785 ஜூலையில் கைவிட்டார்கள்.

முத்திரைகளைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் பர்மிங்காமின் கதை அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆங்கில ஸ்டெர்லிங் வெள்ளியில் 1000க்கு 925 பங்கு வெள்ளி; மிச்சம் பெரும்பாலும் செம்பு. அதைச் சோதிக்க, பொருளின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டலை எடைபோட்டு, ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு குப்பியில் வைத்து உலையிலிட்டுப் புடம் போடுவார்கள். ஈயமும் செம்பும் உருகிச் சாம்பலுக்குள் ஊறிப்போகும். குப்பியின் நடுவில் சுத்த வெள்ளி ஒரு முத்தாக நிற்கும். அதை மறுபடி எடைபோட்டால் மாற்றுத் தெரிந்துவிடும். தேறினால் முத்திரை, தேறாவிட்டால் நசுக்கித் திருப்பித் தருவார்கள். சோதித்த வெள்ளியில் ஒரு சிட்டிகை பூட்டிய பெட்டியில் போட்டு வைக்கப்படும். சோதித்தவரையே சோதிக்க அது ஆண்டுக்கொருமுறை திறக்கப்படும்.

இந்தச் சோதனை நடக்கும் ஊரில் பட்டறை இல்லாவிட்டால் சிக்கல். பர்மிங்காம் அருகே சோஹோவில் பெரிய ஆலை நடத்திய மேத்யூ போல்ட்டன், தம் வெள்ளியை முத்திரைக்காகச் செஸ்டர் நகருக்கு வண்டியில் அனுப்ப வேண்டியிருந்தது. எழுபது மைலுக்கும் மேல். போய்த் திரும்பும் வழியில் கீறலும் நசுங்கலும். அதோடு தம் புது வடிவங்களைப் போட்டியாளர் பார்த்துவிடுவார்களோ என்ற கவலையும். 1773இல் அவர் நாடாளுமன்றத்தை நாடினார். ஷெஃபீல்டு நகரத் தொழிலாளரும் தனியே மனுச் செய்தார்கள். லண்டன் பொற்கொல்லர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மாகாண நகரங்களை நம்பினால் தரம் கெட்டுவிடும் என்பது வாதம். விசாரணைக் குழு லண்டன் கடைகளிலிருந்தே வெள்ளியை வாங்கிச் சோதிக்க, பல பொருள்கள் தரத்துக்குக் கீழே இருந்தன. எதிர்ப்பின் காற்று இறங்கிவிட்டது.

சட்டம் நிறைவேறி, 1773 ஆகஸ்டு 31 செவ்வாய்க்கிழமை பர்மிங்காம் சோதனை அலுவலகம் திறந்தது. கிங்ஸ் ஹெட் என்ற விடுதியில் மூன்று அறைகள், நான்கு பணியாளர்கள், வாரத்தில் ஒரு நாள் வேலை. முதல் வாடிக்கையாளர் போல்ட்டனேதான். ஊருக்கான முத்திரை நங்கூரம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்றால், மனு வேலையாக லண்டன் வந்தவர்கள் ஸ்ட்ராண்ட் தெருவில் கிரௌன் அண்ட் ஆங்கர் என்ற மதுவிடுதியில் கூடினார்களாம்; கிரீடம் ஷெஃபீல்டுக்கும் நங்கூரம் பர்மிங்காமுக்கும் பிரிந்தனவாம். நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள் என்பது செவிவழிக் கதை.

போல்ட்டனின் செவ்வியல் வெள்ளி அழகானது. ஆனால் அவருக்கு அது பெரிய லாபம் தரவில்லை. பர்மிங்காமின் உண்மையான வெற்றி கைக்குள் அடங்கும் சிமிழ்களில் இருந்தது. பொத்தான், கொக்கி, கைக்கடிகாரச் சங்கிலி என்று சின்ன உலோகப் பொருள்களுக்கெனவே பேர்போன ஊர் அது. அச்சும், அழுத்துப் பொறியும், அவற்றை இயக்கப் பழகிய கைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன. அந்தக் கைகளில் பல பெண்களுடையவை, சிறுவர்களுடையவை. வெள்ளிக்கு மெருகு போடுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. சாமுவேல் பெம்பர்ட்டன், ஜோசப் டெய்லர், மேத்யூ லின்வுட் என்ற முத்திரைப் பெயர்களில் ஆயிரக்கணக்கான சிமிழ்கள் வெளிவந்தன: மூக்குப்பொடிக்கு, முகத்தில் ஒட்டும் அழகுப் புள்ளிக்கு, ஊசிக்கு, ஜாதிக்காய்க்கு.

இவற்றில் வினிகிரெட் என்ற சிமிழைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாது. மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. துளைகள் போட்ட மெல்லிய சல்லடை, அதற்கும் ஒரு கீல். சல்லடைக்குக் கீழே வாசனைச் சாறு கலந்த வினிகரில் நனைத்த கடற்பஞ்சுத் துண்டு. சாக்கடை நாறும் தெருவிலும், கூட்டம் நெரியும் நாடக அரங்கிலும் பெண்கள் அதை மூக்கருகே கொண்டுபோவார்கள். 1780களில் வந்த முதல் சிமிழ்களின் சல்லடையில் துளைகள் எளிய பூவட்டமாக இருக்கும். மேல்மூடியில் பிரைட்-கட் மாலை. உட்புறம் முழுவதும் தங்கமுலாம், சல்லடைக்கு இரு பக்கமும். பகட்டுக்காக அன்று, வினிகரின் அமிலம் வெள்ளியை அரித்துவிடும், தங்கத்தைத் தொடாது. அந்த முலாம் ஏற, தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக விரட்ட வேண்டும். அந்த ஆவியைச் சுவாசித்த முலாம்காரர்களுக்குக் கைநடுக்கமும் பல் உதிர்தலும் தொழில்நோய். நறுமணம் முகர்வதற்கான சிமிழின் உள்புறத்துக்கு யாரோ ஒருவரின் நுரையீரல் விலையாகியிருக்கிறது.

ஜாதிக்காய்த் துருவியும் சுவையான பொருள். நீள்வட்டச் சிமிழின் மேல்மூடியைத் திறந்தால் துளைபோட்ட இரும்புத் துருவி. அடிமூடியைத் திறந்தால் துருவிய பொடி. உள்ளே ஒரு முழு ஜாதிக்காய் வைக்க இடம். மதுவிடுதியில் பஞ்ச் என்ற கலவை மதுவின்மேல் தூவிக்கொள்ள ஆண்கள் சட்டைப்பையில் எடுத்துச் சென்றார்கள். லண்டனில் ஃபிப்ஸ், ராபின்சன் கூட்டு முத்திரையோடு வந்தவை சேகரிப்பாளர்களிடையே பேர்பெற்றவை. ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகள் டச்சுக்காரர் வசம் இருந்தன. 1796இல் அவற்றைப் பிடித்தது, சென்னையைத் தளமாகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பீட்டர் ரெயினியரின் படை. லண்டன் கனவானின் சட்டைப்பைச் சிமிழுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு.

வெள்ளிப் பேழைக்கு ஒரு போட்டியாளனும் இருந்தான். 1743 வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் பௌல்சோவர் என்பவர், செம்புக் கட்டிமேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, உருளையில் ஒன்றாகவே மெலிந்து நீள்வதைக் கண்டார். முதலில் இதில் செய்யப்பட்டவை பொத்தான்களும் சிறு டப்பாக்களும்தான். ஷெஃபீல்டு பிளேட் எனப்படும் இந்தத் தகட்டில் செய்த பேழை, கண்ணுக்கு வெள்ளியே. வரி இல்லை, விலையோ சிறு பங்கு. வெட்டிய விளிம்பில் செம்பு தெரியும் என்பதால் விளிம்பில் வெள்ளிக் கம்பி ஒட்டி மறைத்தார்கள். அந்தக் கம்பியின் அலங்காரம் என்ன? செவ்வியல் மணிவரிசை. மறைப்பதற்கு அது மிகவும் வசதி. லண்டன் பட்டறைகள் இதோடு போட்டி போட வேண்டியிருந்ததும் வெள்ளித் தகடு மெலியக் காரணம்.

அப்படிப் போட்டி போட்டு வென்றவர்களில் இன்று எல்லோரும் அறிந்த பெயர் ஹெஸ்டர் பேட்மன். கணவர் ஜான் 1760இல் இறந்தபோது ஹெஸ்டர் ஐம்பதைக் கடந்திருந்தார். மறு ஆண்டு தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாகப் பதிவு செய்தார். பன்ஹில் ரோவில் இருந்த பட்டறையை 1790 வரை நடத்தினார், 1794இல் இறந்தார். பிள்ளைகள் பீட்டரும் ஜோனதனும், பிறகு ஜோனதனின் மனைவி ஆனும், பேரன் வில்லியமும் தொடர்ந்தார்கள். மெல்லிய உருட்டுத் தகடு, மணிவரிசை விளிம்பு, அளவான பிரைட்-கட் ஆகியவை பேட்மன் பொருளின் அடையாளம். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில், கண்ணுக்கு உறுத்தாத அழகு.

20ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் அவரை அரசியாக்கினார்கள். 1959இல் வந்த ஒரு நூலின் தலைப்பே அவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது. அவர் முத்திரை இருந்தால் விலை தனி. நெற்றியில் வியர்வை வழியச் சுத்தியலோடு நிற்கும் விதவைத் தாய் என்ற சித்திரம் விற்பனைக்கு உதவியது. அதற்குச் சான்று இல்லை. முத்திரையிலுள்ள பெயர் செய்தவர் பெயர் என்ற எண்ணமே பிழையானது. சோதனைக்கு அனுப்பியவர், தரத்துக்குப் பொறுப்பேற்றவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். லண்டனில் பார்க்கர், வேக்கலின் கூட்டு நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடை ஒருவருடையது, தகடு வேறொருவரிடம், செதுக்கு வெளியே, முலாம் இன்னொருவரிடம் என்று வேலை பல பட்டறைகளுக்குப் பிரிந்து போனதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. அவற்றை ஆராய்ந்து ஹெலன் கிளிஃபர்டு 2004இல் எழுதிய நூலுக்குப் பிறகு, தனி மேதைக் கதையை நம்புவது கடினம்.

இதனால் பேட்மன் சிறியவராகிவிடவில்லை. முதலீடு, கருவி, ஆள், சந்தை ஆகிய நான்கையும் முப்பதாண்டு கட்டி ஆண்ட ஒரு பெண் தொழிலதிபர் அவர். சுத்தியல் பிடித்தாரா என்பதைவிட இது பெரிய சாதனை. ஏலப் பட்டியல்காரர்களுக்குத்தான் இது கவர்ச்சியாகப் படவில்லை.

1800க்குப் பிறகு காற்று மாறியது. நெப்போலியப் போர்க் காலத்தில் கனமும் பிரம்மாண்டமும் மறுபடி மதிப்புப் பெற்றன. பால் ஸ்டார் போன்றோரின் வார்ப்பு வெள்ளி பணக்காரர் மேசையைப் பிடித்தது. தேயிலைப் பேழை பெரும்பாலும் மரத்துக்கு மாறியது. தேயிலை மலிந்தபின் பூட்டுக்கும் அவசரம் இல்லை. சிமிழ்கள் மட்டும் பர்மிங்காமில் விக்டோரியா காலம்வரை நீடித்தன, செவ்வியல் மாலையை விட்டுவிட்டுக் கோட்டைகளையும் தேவாலயங்களையும் மூடியில் சுமந்துகொண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடம் பாணி மறுபிறவி எடுத்தபோது நகல்கள் குவிந்தன. நகல் குற்றமில்லை, அதன் முத்திரை அதன் ஆண்டைச் சொல்லிவிடும். ஆபத்து வேறு இடத்தில். எளிய பேழையில் பின்னாளில் செதுக்கு ஏற்றுவது, பழைய சின்னத்தை அழித்துப் புதிதாகப் பொறிப்பது, உடைந்த கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டி வேறு பெட்டியின் அடியில் பதிப்பது எல்லாம் நடந்திருக்கின்றன. சின்னத்தை அழித்த இடத்தில் தகடு மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக உள்வாங்கும். பதித்த முத்திரையைச் சுற்றி, மூச்சை ஊதினால், சதுரமாகப் பற்றாசுக் கோடு தெரியும்.

லண்டன் போகும் வாய்ப்புள்ளவர்கள் தென் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்களைத் தவறவிட வேண்டாம். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் பேழையில் மூச்சை ஊத முடியாது. ஆனால் பெட்டியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பாருங்கள். பெயரட்டையில் இருக்கும் பெயரை, சோதனைக்கு அனுப்பி வரி கட்டியவர் பெயர் என்று படித்துக்கொள்ளுங்கள். செய்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.